சம்பந்தியம்மாவிடம் ஆங்கிலத்தில் மறுத்துப் பேசிய கதை

என் கண்ணுக்கு,

இன்று காலை பதினோரு மணிக்கு உன் அம்மா ஒருவரிடம் ஆங்கிலத்தில் மறுத்துப் பேசினாள். அதுவும் யாரிடம்? பல்லவியின் அம்மாவிடம். கவுகாத்தியில் இருக்கிற, இதுவரை போனில் மட்டுமே முகம் பார்த்திருக்கிற, என் சம்பந்தியம்மாவிடம். பேசி முடித்து ஒரு மணி நேரம் ஆகப்போகிறது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து கிடக்கிறது, அதைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இன்று சென்னை வண்டியில் போயிருக்கிறார். நாளைக்கு அவருக்குப் பெங்களூர் டியூட்டி, அவரிடமே இந்தக் கடிதத்தையும் ஒரு டப்பா முறுக்கையும் கொடுத்தனுப்புகிறேன். போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் ஒன்று நீ மீட்டிங்கில் இருப்பாய், இல்லாவிட்டால் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்தச் "சரிம்மா"வைப் பற்றியும் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. காகிதம் என்றால் நீ குறுக்கே வர முடியாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இதற்குள் பல்லவி உன்னிடம் பாதிக் கதையைச் சொல்லியிருப்பாள். சொல்லட்டும், ஆனால் அவளுக்குத் தெரிந்தது அவள் அம்மா பக்கத்துக் கதை. மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோரும் போனில் முகம் பார்த்துப் பேசினோமே, நினைவிருக்கிறதா? நீயும் பல்லவியும் பெங்களூரிலிருந்து, அந்தம்மா கவுகாத்தியிலிருந்து, நானும் அப்பாவும் இங்கே போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அசாமியும் தெரியாது இந்தியும் தெரியாது. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரே பாலம் ஆங்கிலம், அதிலும் இரண்டு பக்கமும் பலகை உடைந்த பாலம். கல்யாணத்தை அவர்கள் ஊரில் வைப்பது என்பது ஏற்கெனவே பேசி முடிந்ததுதான், அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. அன்றைக்கு அந்தம்மா தேதியைச் சொன்னார்கள். நம் ஊர் தீபத்தைப் பற்றி நீ பல்லவியிடம் பெருமை பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டு, நம்மை மதிக்க வேண்டும் என்று, உங்கள் ஊரின் பெரிய நாளிலேயே கல்யாணத்தை வைத்திருக்கிறோம், கார்த்திகை தீபத்தன்றுதான் முகூர்த்தம், மண்டபமும் சொல்லியாகிவிட்டது, உங்களுக்குச் சந்தோஷம்தானே என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன்? "எஸ் எஸ். வெரி ஹேப்பி." பூம்பூம் மாடு கெட்டது போ, அப்படித் தலையாட்டினேன்.

தீபத்தன்று இந்த ஊரைவிட்டு எவனாவது கிளம்புவானா? ஊர் உலகமே இங்கே வந்து குவிகிற நாளில் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு ஈ காக்கா வெளியே போக முடியுமா? சொந்தக்காரர் ஒருவர்கூட வரமாட்டார். அதுகூடப் போகட்டும். உங்கப்பா பஸ் ஓட்டுகிறவர். தீபம் என்றால் எங்கிருந்தெல்லாமோ சிறப்புப் பேருந்து விடுகிற நாள், ஒரு டிரைவருக்கும் லீவு கிடையாது. நீ பிறந்ததிலிருந்து ஒரு தீபத்துக்குக்கூட அப்பா வீட்டில் இருந்ததில்லை, கொப்பரையில் தீபம் ஏறுகிறபோது அவர் எங்கேயோ ஒரு வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் மலையைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார். இது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அந்தம்மா கேட்டபோது நீ திரையில் என்னைப் பார்த்து, "அம்மா, ஓகேவா?" என்றாய். நான் ஓகே என்றேன். நீ "சரிம்மா" என்றாய். அம்மாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து, தெரிந்தே, உங்கப்பாவை அவர் மகன் கல்யாணத்திலிருந்து ஒரே நிமிஷத்தில் இறக்கிவிட்டோம்.

போனை வைத்த பிறகு அப்பா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"அன்னிக்கு எனக்கு லீவு தரமாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும். அந்தம்மா அவ்ளோ ஆசையா கேக்கறாங்க. மூஞ்சிக்கு நேரா இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"அதுவும் சரிதான்" என்றார். "நீங்க போயிட்டு வந்துடுங்க. நான் போன்ல பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். குளிக்கப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இந்த வீட்டில் யாருக்குமே மறுத்துப் பேச வரவில்லையே என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

யோசித்துப் பார்த்தால் நான் வளர்ந்த விதம் அப்படி. எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்துபோனால் உப்பு இல்லை என்று சொல்லக்கூடாது, உப்பு வாங்கணும் என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை அணை என்று சொன்னால் அடி விழும், மலையேற்று என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே கிளம்புகிறவள் போறேன் என்று சொல்லக்கூடாது. இதெல்லாம் நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'இல்லை' என்ற சொல்லே வாயில் வராமல் வளர்ந்தவளுக்கு, அது தேவைப்படுகிற இடத்திலும் வராமல் போய்விட்டது. அதோடு கல்யாணமாகி இங்கே வந்து, மாடியில் இரண்டு அறை கட்டி, சீசனுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு விட ஆரம்பித்தோம். என் ஆங்கிலம் முழுக்க மாடிப்படியில் கற்றது. அதில் முதல் பாடம் 'எஸ்', இரண்டாவது பாடம் 'எஸ் எஸ்', மூன்றாவது பாடம் 'நோ ப்ராப்ளம்'. அதற்கு மேல் தேவைப்படவில்லை என்று நானே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டேன்.

அந்த 'எஸ் எஸ்' என்னை என்ன பாடு படுத்தியது என்று உனக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. நீ பன்னிரண்டாவது படித்த வருஷம் டென்மார்க்கிலிருந்து நெட்டையாக ஒருவர் வந்து தங்கினாரே, அவர் வந்த அன்று காலையில் வெந்நீர் வருமா என்று கேட்டார். மாடி ஹீட்டர் எரிந்துபோய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் "எஸ் எஸ்" என்றேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமே. ஒரு மாதம், தினம் விடியற்காலையில் கீழே அடுப்பில் வெந்நீர் வைத்து, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுப் படி ஏறி அவர் கதவுக்கு வெளியே வைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ஊருக்குக் கிளம்புகிற அன்றுதான் அவருக்கு ஹீட்டர் எரிந்த விஷயம் தெரிந்தது. அந்த மனுஷன் கண் கலங்கிப்போய்ச் சொன்னார், அவர் ஊரில் அவர் குளிர்காலத்திலும் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பாராம், வெந்நீர் வருமா என்று சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாராம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். ஒரு மாதம் நான் சுமந்தது யாருக்குமே வேண்டாத வெந்நீர். அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை, தைலம்தான் தடவிக்கொண்டேன்.

மறுக்கத் தெரிந்தவர்களை நான் பார்த்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, அதே மாடியில். இங்கிலாந்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்திருந்தார்கள், இரண்டு பேருக்கும் அறுபதுக்கு மேல். நான் மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருப்பேன், அவர்கள் நாற்காலி போட்டுக்கொண்டு மலையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் ஏதாவது சொன்னால் இந்தம்மா, "தட்ஸ் எ ஃபேர் பாயிண்ட், பட்" என்பார்கள். இந்தம்மா ஏதாவது சொன்னால் அவர், "ஐ சீ வாட் யூ மீன், பட் ஐ அம் நாட் ஷ்யூர்" என்பார். குரல் ஏறாது. நடுவில் ஒருவருக்கொருவர் டீ ஊற்றிக் கொடுப்பார்கள். நான் கீழே வந்து உங்கப்பாவிடம், "பாருங்க, பொண்டாட்டி பேசறது நியாயம்னு எவ்ளோ மரியாதையா சொல்றாரு, நீங்களும் இருக்கீங்களே" என்று குத்திக் காட்டினேன். மறுநாள் காலையில் அந்தம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு லாட்ஜுக்குப் போய்விட்டார்கள்.

பிறகுதான் தெரிந்தது, அவருக்கு இங்கேயே வீடு பிடித்துத் தங்கிவிட வேண்டும், அந்தம்மாவுக்குப் பேரப்பிள்ளைகளோடு ஊரில் இருக்க வேண்டும். மூன்று நாளாக மாடியில் நடந்தது சண்டை. நான் மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே முழுச் சண்டையையும் கேட்டிருக்கிறேன், கொஞ்சல் என்று நினைத்திருக்கிறேன். இரண்டு நாள் கழித்து அவர் போய் அந்தம்மாவை அழைத்து வந்தார். வருஷத்தில் மூன்று மாதம் இங்கே, மீதி அங்கே என்று முடிவாயிற்று. இன்றைக்கும் வருஷா வருஷம் வருகிறார்கள், நீயே பார்த்திருக்கிறாய். அப்போது அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. இந்த மூன்று வாரத்தில்தான் அதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள். எதிராளி சொன்னதை முதலில் கையில் வாங்கி, கீழே போட்டுவிடாமல் பத்திரமாக வைத்துவிட்டு, அப்புறம் தன் பேச்சைப் பக்கத்தில் வைத்தார்கள். சத்தம் இல்லாததால் சண்டை இல்லை என்று நினைத்தது என் தப்பு. நமக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டுதான், ஒன்று ஆமாம் சாமி போடுவது, இல்லையென்றால் தெருவே வேடிக்கை பார்க்கிற மாதிரி கத்துவது. நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று எனக்கு யாரும் காட்டவில்லை, நானும் உனக்குக் காட்டவில்லை.

காட்டவில்லை என்பது மட்டுமில்லை. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைக்கிறேன். நீ ஒன்பதாவது படித்தபோது பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியில் உன்னைச் சேர்த்து, வேலூரில் ஒரு வாரப் பயிற்சிக்கு அழைத்துப் போவதாக இருந்தார்கள். நீ பூட்ஸைக் கழுவி, காயவைத்து, கயிறு மாட்டி, காலில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாய். அன்றைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் பெரியப்பா வேர்க்கடலை மூட்டையோடு வந்தார். நல்ல மனுஷர்தான், நம் மேல் உயிரையே வைத்திருந்தவர். பந்து விளையாடப் போனால் பிள்ளை படிப்பு கெட்டுவிடும், அனுப்பாதே என்றார். எனக்கு அது கொஞ்சமும் சரியென்று படவில்லை. நீ விளையாடுவதைச் சுவர் ஓரம் நின்று நான் பார்த்திருக்கிறேன், எனக்கு அவ்வளவு பெருமை. ஆனாலும் நான் சொன்னது, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா." நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், பெரியப்பாவை இல்லை. அம்மா ஏதாவது சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "சரிம்மா" என்றாய்.

பெரியப்பா போன பிறகு சமையலறையில் உன் தட்டில் தோசையைப் போட்டுக்கொண்டு, எனக்கும் பிடிக்கலைடா, பெரியவங்க முன்னாடி எப்படிப் பேசறது என்றேன். அது இன்னும் பெரிய தப்பு. சபையில் ஒன்று, அடுப்பங்கரையில் ஒன்று என்று பேசுகிறவள் சொல்லில் எதை நம்புவது என்று நீ அன்றைக்கே முடிவு கட்டியிருப்பாய். அதிலிருந்து எதற்கும் நீ என்னோடு வாதாடியதே இல்லை. என் பிள்ளை தங்கம், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீ பல்லவியைப் பற்றி இரண்டு வருஷம் என்னிடம் வாயே திறக்கவில்லையே, அப்போதுகூட எனக்குக் காரணம் புரியவில்லை. எதிர்த்துப் பேசாத பிள்ளை மனசுவிட்டும் பேசமாட்டான், அவ்வளவுதான். அந்தப் பூட்ஸுக்காக, இத்தனை வருஷம் கழித்து, அம்மா உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

சரி, அழுகையை விடு, சந்தோஷமான இடத்துக்கு வருகிறேன். போன வாரம் அப்பா டியூட்டி முடிந்து வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. டவுனில் டிவி கடையில் விசாரித்தாராம், போனில் வருகிற படத்தை டிவியில் பெரிதாகக் காட்ட ஒரு ஒயர் இருக்கிறதாம். டிப்போ ஓய்வறையில் ஒரு டிவி இருக்கிறது, தீபத்தன்று நடுவில் அரை மணி நேரம் கிடைத்தால் கல்யாணத்தை அதிலேயே பார்த்துவிடலாம், டிரைவர் எல்லோரும் பார்ப்பார்கள் என்றார். குழந்தை மாதிரி சொன்னார். இந்த மனுஷன் பிள்ளை கல்யாணத்தை ஒயர் வழியாகப் பார்க்கும்படி விட நான் என்ன அவ்வளவு கோழையா என்று நினைத்தேன். அன்றைக்கே தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை எடுத்து, பின்பக்கம் தமிழ் எழுத்தில் ஆங்கிலத்தை எழுத ஆரம்பித்தேன். மாடித் தம்பதி பேசினதில் நினைவிருந்ததையெல்லாம் எழுதினேன். ஆறு நாள் ஒத்திகை. அப்பாதான் சம்பந்தியம்மா. துண்டை முக்காடு போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்காருவார். ஆனால் அவரை வைத்து ஒத்திகை பார்ப்பது பெரும்பாடு. நான் "ஐ சீ யுவர் பாயிண்ட், பட்" என்று ஆரம்பிப்பதற்குள் அவர், "ஓகே ஓகே, நோ ப்ராப்ளம்" என்று விட்டுக்கொடுத்துவிடுவார்.

"கொஞ்சம் ஒத்துக்காம இருங்களேன்" என்றேன்.

"எனக்கு வர மாட்டேங்குது. நீ பாவமா மூஞ்ச வச்சிக்கற" என்றார்.

இன்று காலை அவர் கிளம்பிப் போனதும் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, நானே முகம் பார்க்கிற போன் போட்டேன். நடுவில் நீ இல்லை, பல்லவி இல்லை. அந்தம்மா தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறார்கள் இல்லையா, இன்று லீவில் வீட்டில் இருந்தார்கள். நலம் விசாரித்தோம். அங்கே மழை, இங்கே வெயில். அப்புறம் நான் தாளைப் பார்த்தேன், வியர்வையில் மை இழுகி ஒரு எழுத்தும் தெரியவில்லை. எழுதியதை விட்டுவிட்டு என் வாய்க்கு வந்த ஆங்கிலத்தில் பேசினேன். முதலில் அவர்கள் செய்ததை நல்லது என்று சொன்னேன், அது முகஸ்துதி இல்லை, உண்மை. எங்கள் தீபத்தை நினைத்து நாள் பார்த்தீர்களே, அந்த மனசு யாருக்கு வரும், யூ ஆர் ரைட், தட் இஸ் எ குட் டே என்றேன். பிறகு "பட்" என்றேன். பதினெட்டுப் படி ஏறிய வெந்நீர்ப் பக்கெட் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"பட், சாரி, ஐ கேனாட் அக்ரீ தட் டே. மை ஹஸ்பண்ட் பஸ் டிரைவர். தட் டே நோ லீவ். ஹிஸ் ஒன்லி சன். ஹீ மஸ்ட் கம்."

போச்சு, சம்பந்தம் முறிந்தது, பிள்ளைக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே கண்ணைத் திறந்தேன். பார்த்தால் அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்கள்.

"ஐ ஆல்சோ டிட் நாட் வான்ட் தட் டே."

அவர்களுக்கு ஒரு அக்கா. தாய் இல்லாத வீட்டில் இவர்களை வளர்த்து ஆளாக்கியவர். அந்த அக்காவுக்குத் தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் கண் ஆபரேஷன், வருவதற்கும் வழியில்லை, வந்தாலும் கட்டைப் பிரித்துப் பார்க்க முடியாது. தள்ளிப்போட டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் மாப்பிள்ளை வீட்டுப் பெரிய நாள், அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேதி வைத்திருக்கிறார்கள். அன்றைய தினம் என் முகத்தில் ஒரு சின்னத் தயக்கம் தெரிந்தால்கூடத் தேதியை மாற்றிவிடலாம் என்று காத்திருந்தார்களாம். ஏங்க, நீங்களாவது சொல்லக்கூடாதா என்று நான் கேட்டேன். அதற்கு அவர்கள் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"யூ செட் எஸ் எஸ், வெரி ஹேப்பி. தென் ஹவ் கேன் ஐ சே?"

நான் சிரித்தேன், அவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தோஷப்படுத்துகிறேன் பேர்வழி என்று இரண்டு வீட்டிலும் ஆளுக்கு ஒருவரைக் கல்யாணத்துக்கு இல்லாமல் பண்ணிவிட்டிருக்கிறோம். அதற்கப்புறம் வேலை ஐந்தே நிமிஷம். நமக்கு மார்கழியில் கல்யாணம் கிடையாது, அவர்களுக்கும் அந்த மாதம் ஆகாதாம். தை பிறந்ததும் நமக்குப் பொங்கல், அவர்களுக்கு பிஹு. பிஹு முடிந்த மறுவாரம் நல்ல நாள் இருக்கிறது, அதற்குள் அக்காவுக்குக் கண் தெளிந்துவிடும், அப்பாவுக்கும் பொங்கல் கூட்டம் வடிந்து லீவு கிடைக்கும். மண்டபத்துக்காரரை அவர்கள் பேசிக்கொள்கிறார்களாம். உங்கப்பா கல்யாணத்துக்கு வருகிறார் கண்ணு. முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கப்போகிறார். அவருக்கு இன்னும் தெரியாது, சாயங்காலம் வந்ததும் சொல்ல வேண்டும். வாசலிலேயே சொல்லலாமா, காபி கொடுத்துவிட்டுச் சொல்லலாமா என்று அது ஒரு தவிப்பு.

இதிலிருந்து உனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? ஆங்கிலம் நீ என்னைவிட ஆயிரம் மடங்கு பேசுவாய். ஆனால் போன பொங்கலுக்கு உன்னை வரச்சொல்லிவிட்டு நான் கரும்போடு காத்திருந்தபோது, மேனேஜர் லீவில் போகாமல் இருக்க முடியுமா என்று கேட்டார், ஷ்யூர் சார் என்று சொல்லிட்டேன் என்று போன் பண்ணினாயே, அந்த 'ஷ்யூர் சார்' எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போது தெரியும். அது என் 'எஸ் எஸ்'ஸுக்குப் பிறந்தது, பேண்ட் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த தடவை அவர் சொல்வதை முழுதாகக் கேள். அதில் எது நியாயமோ அதை நியாயம் என்று வாய்விட்டுச் சொல். அப்புறம் உன் பக்கத்தைச் சொல், காரணத்தோடு சொல். ரொம்பப் பூ சுற்றாதே, நான் கொஞ்சல் என்று நினைத்த மாதிரி அவரும் நினைத்துவிடுவார். ஒத்துக்கொள்வதென்றாலும் எதனால் ஒத்துக்கொள்கிறாய் என்று ஒரு வரி சேர்த்துச் சொல். காரணம் இல்லாத சரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பழகிப்போய்விடும்.

பல்லவியைப் பார்த்துக் கற்றுக்கொள். அவள் முதல் தடவை வந்தபோது மூன்றாவது தோசையை நான் தட்டில் போடப்போனேன், அவள் கையால் தட்டை மறைத்து, தெரிந்த கொஞ்சம் தமிழில், "ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி, பட் நோ, இனஃப்" என்றாள். வந்த அன்றே என் கையைத் தடுக்கிறாளே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நீயும் கவனித்தாய், கேட்கவில்லை. இப்போது யோசித்தால் அந்தப் பெண் செய்தது எவ்வளவு ஒழுங்கான காரியம். நல்லா இருக்கு என்றாள், போதும் என்றாள், இரண்டும் நிஜம். அவளுக்கு எது பிடிக்கும் எது பிடிக்காது என்று எனக்கு ஒரே நாளில் தெரிந்துவிட்டது. உன்னைப் பற்றி எனக்கு இருபத்தொன்பது வருஷமாகத் தெரியவில்லை.

அதனால்தான் கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஆடி மாதம் உன்னிடம் சொன்னேன், கல்யாணத்துக்கு அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிற நாட்களில் இங்கே வந்து இருங்கள், மலை பார்த்த மாடி அறையை இனிமேல் வாடகைக்கு விடாமல் உங்களுக்கே வைத்துவிடுகிறேன் என்று. நீ "சரிம்மா" என்றாய். நான் இந்த சீசனுக்கு அந்த அறையைக் கேட்ட இங்கிலாந்துத் தம்பதிக்குக்கூட இன்னும் பதில் சொல்லவில்லை. இளம்பச்சையில் பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் "சரிம்மா" எந்தச் "சரிம்மா" என்று இன்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே வர ஆசையா, இல்லை, பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சொன்னாயே, அந்தச் "சரிம்மா"வா?

வர முடியாது என்றால் எனக்கு வருத்தமாக இருக்கும், அதை மறைக்கமாட்டேன். இரண்டு நாள் யாரோடும் பேசாமல் பாத்திரத்தை நங்கு நங்கென்று வைப்பேன். மூன்றாவது நாள் அந்தத் தம்பதிக்கு வாங்க என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் ஒன்றும் ஆகாது, நீ என் பிள்ளை, இல்லை என்று சொன்னாலும் என் பிள்ளைதான். நாளைக்கு இந்தக் கடிதத்தை அப்பாவிடமிருந்து வாங்கியதும், அவர் வண்டி திரும்பக் கிளம்புவதற்குள் படித்துவிட்டு, உன் பதிலை அவரிடமே சொல்லியனுப்பு. "ஐ சீ யுவர் பாயிண்ட், பட்" என்று ஆரம்பித்தாலும் எனக்குப் புரியும். "சரிம்மா" என்று மட்டும் சொல்லியனுப்பாதே.

பெயிண்ட் டப்பாவை நான் இன்னும் திறக்கவில்லை.

உன் அம்மா